தண்டவாளம் அடித்தவரின் மகள்

என் கையெழுத்து அழகாக இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்தது எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது. தமிழ், மலாய், ஆங்கிலம் எதை எழுதினாலும் ஒரே அளவு, ஒரே சாய்வு, ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது. நான் வாயைத் திறந்தால் சுள்ளென்று விழும் என்று ஊரில் பேச்சு உண்டு. என் எழுத்தை மட்டும் பார்த்தவர்கள் என்னைச் சாந்தமான பெண் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எழுபதுகளில் நானும் என் கணவரும் சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர்களாக இருந்தோம். அவர் வேறொரு தோட்டத்தில், பால்மரம் வெட்டுகிறவர் வீட்டில் பிறந்தவர். நான் சுங்கை பட்டாணி டவுனில் பிறந்தவள். என் அப்பா துணிக்கடையில் நின்று துணி அளந்து கிழித்துக் கொடுத்தவர். தோட்டத்துக்குள் நான் கால் வைத்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். யாருடைய அப்பா என்ன வேலை பார்த்தார் என்பதை வாசிக்கிறவர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது வேண்டியிருக்கும்.

நாங்கள் இருந்த தோட்டத்தில், யாருக்குக் கையெழுத்து நன்றாக வருமோ அவர்தான் எல்லாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் போன மூன்றாவது மாதமே அந்த வேலை என் தலையில் விழுந்தது. குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு அடையாள அட்டையைக் குடிமக்களின் நீல அட்டையாக மாற்றித் தரக் கேட்கும் மனு, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் விண்ணப்பப் பாரம், வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று தோட்டத்துத் துரைக்கு ஒரு கடிதம். அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். சில நேரம் அவர்கள் சொல்லாததையும் சேர்த்து எழுதுவேன். கீழே அவர்கள் கைநாட்டு வைப்பார்கள். எழுதியது என் கை, மனு அவர்களுடையது. இதில் எனக்கோ அவர்களுக்கோ ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

தபால்வழியாகப் பட்டப்படிப்பு படிக்கலாம் என்று என் கணவர்தான் தகவல் கொண்டுவந்தார். பட்டம் வாங்கினால் டவுனில் இடைநிலைப்பள்ளிக்குப் போகலாம். அவருக்குப் படிப்பின் மேல் ஆசை. எனக்கு அந்தத் தோட்டத்துக் குவார்ட்டர்ஸை விட்டு வெளியே போனால் போதும் என்ற ஆசை. இரண்டு பேரும் ஒரே பாடங்களுக்குப் பதிந்துகொண்டோம். பாடப் புத்தகங்கள் பழுப்பு உறையில் தோட்டத்து ஆபிசுக்கு வரும். ஆபிசில் கணக்கெழுதும் கிராணி, என் பேரில் ஒன்று, அவர் பேரில் ஒன்று என்று இரண்டு உறைகளையும் ஒன்றாகக் கயிற்றால் கட்டிக் கொடுத்தனுப்புவார். பள்ளி முடிந்து, சமையல் முடிந்து, மத்தியான வெயிலில் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து படிப்போம்.

முதல் உறையிலேயே ஒரு விதிமுறைப் புத்தகம் வந்திருந்தது. எத்தனை மதிப்பெண்ணுக்கு எந்தக் கிரேடு, பாதியில் விலக வேண்டுமானால் எந்த வாரத்துக்குள் விலக வேண்டும், பார்த்து எழுதினால் என்ன தண்டனை, எல்லாம் அதில் இருந்தது. அவர் அதைச் செய்தித்தாள் வாசிப்பதுபோல் சத்தமாக வாசித்துக் காட்டுவார். முறையாக விலகினால் பெயருக்கு எதிரே 'டபிள்யூ' என்று போட்டு ஏட்டை மூடிவிடுவார்களாம். அப்படிப் போனவர் மேல் குறை ஒன்றும் கிடையாது. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் 'எஃப்'. இன்னொருவருடையதைப் பார்த்து எழுதினால் அந்தப் பாடத்துக்குப் பூச்சியம், பெயரும் நீக்கப்படும். ஒவ்வொரு கட்டுரையின் மேலும் ஒரு தாள் வைத்து, இது என் சொந்த உழைப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும்.

அவருடைய முதல் கட்டுரை திருத்தாமலேயே திரும்பி வந்தது. வாசிக்க முடியவில்லை என்று சிவப்பு மையில் ஒரே வரி. அவர் எழுத்து அப்படி. கோழி கிளறிவிட்டுப் போன மாதிரி இருக்கும். அன்றைக்கு அவருக்கு வந்த கோபத்தில் விதிமுறைப் புத்தகத்தின் கடைசியில் இருந்த விலகல் பாரத்தைக் கிழித்தார், எல்லாம் நிரப்பினார், கையெழுத்தும் போட்டார். "போதும் லா, எனக்கு இந்தப் படிப்பு வேணாம்" என்றார். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, எழுதியதை இங்கே கொடுங்கள், நான் படி எடுத்துத் தருகிறேன் என்றேன். பாரத்தைத் தேதி போடாமல் புத்தகத்துக்குள்ளேயே செருகி வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் கட்டுரைகளை எல்லாம் நான்தான் படி எடுத்தேன். அவர் எழுதுவதை இந்த உலகத்தில் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவர் கருத்து வேறு, என் கருத்து வேறு. மேசையில் சண்டை வராத நாள் கிடையாது. நான் எழுதியதை அவர் எட்டிப் பார்க்கவும் மாட்டார். படி எடுக்கும்போது நான் ஒரு வார்த்தையை மாற்றிவிட்டால்கூட முகம் தூக்கிக்கொள்வார். "நான் நினைச்சது தப்பா இருந்தா தப்பாவே போகட்டும், நீ எழுதிக் குடு போதும்" என்பார். தோட்டத்துக்காரர்களின் மனுக்களைப் போலவே இதையும் நினைத்தேன். எழுதுவது என் கை, கட்டுரை அவருடையது.

இரண்டாம் ஆண்டில், ஒரு சனிக்கிழமை, மூக்குக்கண்ணாடியின் கால் ஒடிந்துவிட்டது என்று பீடோங் டவுனுக்கு மோட்டாரில் போனார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரும்பும்போது மழை. லோரி மோதிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது அவர் இல்லை. அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்த கண்ணாடிக்கூட்டை நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி என் கையில் கொடுத்தாள். உள்ளே கண்ணாடி கீறல் இல்லாமல் இருந்தது. புதுக் கால் போட்டிருந்தார்கள்.

நான் அழவில்லை. மாதா கோயிலில் பூசை நடந்தபோதும், கல்லறையில் மண் போட்டபோதும் அழவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கு நான்தான் தேத்தண்ணி கலக்கினேன். எத்தனை பேருக்குச் சீனி வேண்டாம் என்றுகூடச் சரியாகக் கேட்டேன். டவுன்காரி, கல்நெஞ்சுக்காரி என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். அந்த நாட்களில் என்னை யாராவது கிள்ளியிருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்காது.

மூன்று வாரம் கழித்து நாட்காட்டியில் அவர் போட்டிருந்த வட்டத்தைப் பார்த்தேன். அடுத்த கட்டுரைக்குக் கடைசித் தேதி. இன்னும் நான்கு நாள் இருந்தது. மேசையில் அவருடைய நோட்டு இருந்தது. கட்டுரையை முழுதாக எழுதி முடித்து, பக்கத்தில் உறையும் எடுத்து வைத்து, உறையில் தபால் தலையும் ஒட்டியிருந்தார். எச்சில் தொட்டு ஒட்டிய தலை ஒரு மூலையில் கொஞ்சம் மடங்கியிருந்தது. என்னுடைய கட்டுரையில் தலைப்பு மட்டும் இருந்தது.

ஒரு சிறு சமூகத்தில் அதிகாரம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த எடுத்துக்காட்டுடன் விளக்குங்கள் என்பது கேள்வி. அவர் தன் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தார். அவர் பிறந்த தோட்டத்தில் ஆபிசுக்கு முன்னால் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருப்பார்களாம். விடியற்காலையில் அதை இரும்புக் கம்பியால் அடித்தால் ஆட்கள் எல்லாம் பெரட்டுக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும், பெயர் கூப்பிடுவார்கள். அதை அடிக்கிற வேலை அவருடைய அப்பாவுக்கு. அவரும் மரம் வெட்டுகிறவர்தான், பதவி எதுவும் கிடையாது. ஆனால் அவர் அடித்தால் கங்காணியே ஓடிவருவார். ஒருநாள் துரை தூங்கிவிட்டார். இவர் நேரத்துக்கு அடித்துவிட்டார். ஆட்கள் வந்து நிற்கிறார்கள், துரையைக் காணோம். துரைக்கு அவமானமாகப் போய்விட்டது. எவன் உன்னை அடிக்கச் சொன்னது என்று எல்லார் முன்னாலும் ஏசினாராம். அதன்பிறகு அப்பா கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். துரையின் பங்களாவில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடிப்பாராம். சத்தம் அப்பாவுடையது, அதிகாரம் விளக்கில் இருந்தது என்று அவர் முடித்திருந்தார். நல்ல கட்டுரை. நான் அப்படி எழுதியிருக்க மாட்டேன்.

நான் உட்கார்ந்து படி எடுத்தேன். செத்துப்போனவருக்கு எதற்குக் கட்டுரை என்று கேட்காதீர்கள். தபால் தலை ஒட்டின உறை மேசையில் இருந்தது, அவ்வளவுதான். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. முடித்தேன். அதன்பிறகு என்னுடைய தாளை எடுத்து வைத்தேன். கை நிற்கவில்லை. அதே நோட்டைப் பார்த்து அதே கட்டுரையை முதலிலிருந்து மறுபடியும் எழுதினேன். "என் அப்பா" என்று அவர் எழுதிய இடத்தில் நானும் "என் அப்பா" என்றே எழுதினேன். எழுதும்போது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் ஒன்றும் உறைக்கவில்லை. என் தாளின் மேல் இது என் சொந்த உழைப்பு என்று கையெழுத்துப் போட்டேன். அவர் தாளின் மேல் அவர் பெயரை எழுதினேன்.

இரண்டு உறைகளையும் ஆபிசில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிராணி அவர் பெயர் இருந்த உறையைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு தபால் பைக்குள் போட்டார். அவர் ஏதாவது கேட்டிருந்தால் அப்போதே விழித்திருப்பேனோ என்னவோ. துக்கத்தில் இருப்பவளிடம் என்ன கேட்பது என்று நினைத்திருப்பார், பாவம்.

இரண்டு மாதம் கழித்து இரண்டு கடிதங்கள் வந்தன. வழக்கம்போல் ஒரே கயிற்றில் கட்டி. எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. இரண்டிலும் ஒரே விஷயம்தான். இரண்டு கட்டுரைகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றன, இன்ன தேதியில் அலோர் ஸ்டாரில் உள்ள கிளை அலுவலகத்துக்கு நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். அவருக்கு வந்த கடிதத்தையும் நானே பிரித்துப் படித்தேன். தாங்கள் தவறாமல் வர வேண்டும் என்று அவருக்கு எழுதியிருந்தார்கள். அவர் இறந்ததை நான் அவர்களுக்கு எழுதவே இல்லை.

போகிற அன்றைக்குக் கைப்பையில் இரண்டு பொருள்களை வைத்தேன். ஒன்று அவருடைய நோட்டு. இன்னொன்று அந்த விலகல் பாரம். அவரே நிரப்பி, அவரே கையெழுத்துப் போட்டது, தேதி மட்டும் இல்லை. நோட்டைக் காட்டி உண்மையைச் சொல்லிவிடுவது, பாரத்தைக் கொடுத்து அவர் ஏட்டை முறையாக மூடிவிடுவது என்று நினைத்திருந்தேன். பஸ்ஸில் போகிற வழியெல்லாம் அப்படித்தான் நினைத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

கடைவரிசையின் மாடியில் அலுவலகம். எங்களை விசாரிக்க உட்கார்ந்திருந்தவர் தமிழர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்திருந்தார்.

"டீச்சர், நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டி. ஆனா இதுல ரெண்டு பேருக்கும் ஒரே அப்பா. ஒரே தண்டவாளம். இது எப்படி?"

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நாளில் எனக்குள் ஏதோ ஒன்று அசைந்தது அப்போதுதான். உங்கள் கணவர் எங்கே, வரவில்லையா என்று கேட்டபோது, செத்துவிட்டார் என்று சொன்னேன். தேதியையும் சொன்னேன். விசாரித்தவர் என் கணவரின் கட்டுரையில், அது வந்துசேர்ந்த தேதியைக் குத்தியிருந்த முத்திரையைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் எனக்கு ஒரு கிளாஸ் மைலோ வாங்கிக்கொண்டு வந்தார்.

என் கணவரின் எழுத்தை யாராலும் வாசிக்க முடியாது, எப்போதும் நான்தான் படி எடுப்பேன், இதையும் நானே அனுப்பினேன் என்று சொன்னேன். இதுவரைக்கும் உண்மை. அவர் குறித்துக்கொண்டார். கணவர் கைப்பட எழுதிய நோட்டு இருக்கிறதா என்று கேட்டார். நான் கைப்பையை மடியில் வைத்திருந்தேன். நோட்டின் மூலை துணிவழியாக என் தொடையில் குத்திக்கொண்டிருந்தது.

"இல்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். மரத்துப் போயிருந்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். மரத்துத்தான் போயிருந்தேன். ஆனால் அதற்குள்ளேயும் ஒரு மூலையில் மூளை நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. பார்த்து எழுதியது நான் என்றால் என் பெயரை நீக்கிவிடுவார்கள். பெயர் போனால் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் அந்தத் தோட்டத்தில், அந்த மேசையில், அந்தக் காலி நாற்காலிக்கு எதிரே காலமெல்லாம் உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்கு இனிமேல் எதுவும் ஆகப்போவதில்லை. இது எல்லாம் ஒரு வாய் மைலோ குடிக்கிற நேரத்தில் யோசித்தது.

விசாரித்தவர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். "அப்ப இந்தத் தண்டவாளம் அடிச்சவரு யாரோட அப்பா?"

"எங்க அப்பாதான்."

அவர் தலையை ஆட்டினார். அவருக்கு நிம்மதியாக இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. செத்தவர் மேல் ஒரு பூச்சியத்தைப் போட்டு ஒரு விதவையைக் காப்பாற்றிவிடலாம் என்ற நிம்மதி. அவரே மலாயில் வாக்குமூலத்தைச் சொன்னார், நான் எழுதினேன். என் கணவர் வேலைப்பளுவால் கட்டுரை எழுத முடியாமல் என்னுடையதையே தம் பெயரில் படி எடுத்துத் தரக் கேட்டார், நானும் கொடுத்தேன், அவர் இறந்தபின் அறியாமல் அனுப்பிவிட்டேன். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வரும், அதோடு முடிந்துவிடும் என்றார். வாக்குமூலம் ஒரு பக்கம் வந்தது. ஓர் அடித்தல் இல்லை. எழுத்து ரொம்ப அழகாக இருக்கிறது டீச்சர் என்று சொன்னார்.

கிளம்பும்போது விலகல் பாரத்தை எடுத்து நீட்டினேன். அதையாவது செய்துவிடலாம் என்று. அவர் வாங்கிப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார். ஒழுங்கு நடவடிக்கை நடக்கிறவர் விலக முடியாது, தீர்ப்பு வந்த பிறகுதான் ஏட்டை மூடுவார்கள் என்றார். என் கணவர் இறந்த வாரமே அந்தப் பாரத்தில் தேதி போட்டு அனுப்பியிருந்தால் டபிள்யூ போட்டிருப்பார்கள். கட்டுரையை அனுப்பினேன், பாரத்தை அனுப்பவில்லை.

மறுமாதம் மறுபடியும் கயிற்றில் கட்டி இரண்டு உறைகள். அவருக்கு அந்தப் பாடத்தில் பூச்சியம், எஃப், பார்த்து எழுதிய காரணத்தால் பெயர் நீக்கப்பட்டது. எனக்கு ஏ. அதுவரை நான் வாங்கியதிலேயே அதுதான் பெரிய கிரேடு. ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு இருந்தது. தண்டவாள எடுத்துக்காட்டு மிகச் சிறப்பு, உங்கள் அப்பாவிடம் இன்னும் கேட்டு எழுதுங்கள்.

அதற்குப் பிறகு யாரையும் பார்த்து எழுதவில்லை. எல்லாம் என் சொந்த உழைப்பு. பி, பி, சி என்று வந்தது. கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். கோபப்பட்டேன், புறம் பேசினேன், ஒரு ஞாயிறு பூசைக்கு வரவில்லை என்று சொல்வேன். இதைச் சொன்னதில்லை. உள்ளே இருந்து எதுவும் முட்டவில்லை. அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் பட்டம் கிடைத்தது. டவுனில் ஓர் இடைநிலைப்பள்ளிக்கு மாற்றலானேன். பட்டமளிப்புக்கு என் கணவரின் தம்பி வந்திருந்தான். கோத்தா கோலா மூடாவிலிருந்து சுங்கை பட்டாணி மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தும் அவன் மேல் ஐஸ் வாடை போகவில்லை. என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். அண்ணனும் இருந்திருந்தால் இரண்டு பி.ஏ. என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் அண்ணனுக்கு நடந்தது அவனுக்குத் தெரியாது. தோட்டத்தில் யாருக்கும் தெரியாது.

அதுவரை என் கணவரின் கல்லறையில் சிமெண்ட் சிலுவை ஒன்றுதான் இருந்தது. தம்பி பளிங்குக்கல் வைக்க வேண்டும் என்றான். செலவு தன்னுடையது, பிடிவாதமாக இருந்தான். கல்லில் என்ன எழுதுவது என்று என்னிடம்தான் வந்து கேட்டான். எழுதுகிற வேலை எப்போதும் என்னுடையதுதானே. பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாம் தாளில் எழுதினேன். அவன் பெயருக்குப் பக்கத்தில் விரலை வைத்தான்.

"இங்க பி.ஏ. போட்டுறலாமா அண்ணி?"

எங்கள் ஆட்கள் பட்டத்தை விடமாட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் போடுவார்கள், துண்டறிக்கையில் போடுவார்கள், கல்லறையிலும் போடுவார்கள். படித்துக்கொண்டிருந்தார்தானே, இருந்திருந்தால் முடித்திருப்பார்தானே, எந்த ஆபிசர் கல்லறைக்கு வந்து பார்க்கப்போகிறான் என்று அவன் கெஞ்சினான். அப்பா உயிரோடு இருந்திருந்தால் இதைப் பார்க்க ஆசைப்பட்டிருப்பார் என்றான். "அப்பா தண்டவாளம் அடிச்சுப் படிக்க வெச்ச புள்ள அண்ணி அவரு" என்று சொன்னான்.

எனக்குக் கோபம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அத்தனை வருஷமாக வராத கோபம்.

"முடிக்காத படிப்பை முடிச்சதா எழுதக்கூடாது தம்பி. கல்லறையில பொய் எழுதக்கூடாது."

நான் டீச்சர் குரலில் சொல்லியிருப்பேன் போல. அவன் உடனே விரலை எடுத்துவிட்டான். மன்னிச்சிருங்க அண்ணி என்றான். என்னிடம் மன்னிப்புக் கேட்டான். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

கல்லறைத் திருநாளன்று போனேன். கல் வைத்தாயிற்று. வெள்ளைக் கல்லில் கறுப்பு எழுத்து, நான் எழுதிக் கொடுத்த வரிவடிவத்தையே பார்த்து வெட்டியிருந்தான் கல்வெட்டுகிறவன். சாய்வுகூட என்னுடையது. தம்பி மெழுகுவத்திகளை வரிசையாக ஏற்றிக்கொண்டிருந்தான். அவர் பெயருக்குப் பின்னால் எதுவும் இல்லை. சொன்ன சொல் கேட்டிருந்தான். அந்தப் பட்டத்தை வேறு எங்காவது போட்டு ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தானோ என்னவோ, கீழே நான் எழுதிக் கொடுக்காத ஒரு வரி இருந்தது. அன்பு மனைவி என்று போட்டு, என் பெயரைப் போட்டு, பக்கத்தில் பி.ஏ.

நல்லாருக்கா அண்ணி என்று கேட்டான். நல்லாருக்கு என்றேன்.

அவருடைய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. விலகல் பாரமும் அதற்குள்தான் இருக்கிறது. யாராவது எடுத்துப் பார்த்தாலும் ஒரு வரி புரியாது. அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒவ்வொரு வருஷமும் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் தம்பி போய்க் கல்லைக் கழுவுவான். மழைக்கு எழுத்து மங்கினால் கறுப்புப் பெயிண்டைத் தொட்டு மேலேயே எழுதிவிடுவான். என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டு எழுத்துக்கு மட்டும் இரண்டு தடவை பூசுவான்.